ஹைத்தி நிலநடுக்கம்: தருமபுரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் கற்பிக்கிறேன். புவித்தட்டுகள் பற்றிய பாடம் வரும் ஒவ்வோர் ஆண்டும் 2010ஆம் ஆண்டு ஹைத்தியில் நேர்ந்த நிலநடுக்கத்தை விரிவாகச் சொல்வது என் வழக்கம். மணி அடித்த பிறகும் கேள்விகள் நிற்பதில்லை. பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்கிறார்கள். கொத்து வேலைக்கும் கம்பி கட்டும் வேலைக்கும் ஓசூர், பெங்களூர் என்று போய்வரும் அவர்களுடைய தந்தையர் பெற்றோர் கூட்டத்தில் என்னை நிறுத்தி வைத்துக் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தில் சந்திக்கும் நண்பர்களும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஹைத்தி எங்கே இருக்கிறது? அங்கே என்ன நடந்தது?

கரீபியன் கடலில் ஹிஸ்பானியோலா என்றொரு தீவு உள்ளது. அதன் மேற்கு மூன்றில் ஒரு பங்கு ஹைத்தி. எஞ்சிய கிழக்குப் பகுதி டொமினிகன் குடியரசு. மலைகள் நிறைந்த நாடு. "மலைக்குப் பின்னால் மலை" என்பது அந்த மக்களின் பழமொழி. ஒரு துன்பத்தைத் தாண்டினால் இன்னொன்று எதிரில் நிற்கும் என்ற பொருளில் அதைச் சொல்வார்கள். வத்தல்மலையையும் சித்தேரி மலையையும் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை.

2010 ஜனவரி 12, செவ்வாய்க்கிழமை, அந்நாட்டு நேரப்படி மாலை 4.53 மணிக்கு 7.0 அளவில் நிலம் அதிர்ந்தது. அதிர்வு மையம் தலைநகர் போர்ட்-ஓ-பிரான்சுக்கு மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், லெயோகான் என்ற ஊரின் அருகே இருந்தது. நிலத்துக்குள் சுமார் 13 கிலோமீட்டர் ஆழத்தில்தான் பிளவு நேர்ந்தது என்பதால் அதிர்வு வலுக்குறையாமல் மேலே வந்து சேர்ந்தது. நம் நேரப்படி அது ஜனவரி 13, விடியற்காலை 3.23 மணி. அன்று போகி. நம் தெருக்களில் பழைய பாய்களை எரிக்க ஆட்கள் எழுந்துகொண்டிருந்த வேளையில், ஒரு நாட்டின் தலைநகரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் இடிந்து கிடந்தது.

அந்த மக்கள் தங்கள் கிரெயோல் மொழியில் அந்த நிலநடுக்கத்துக்கு "கூதுகூது" என்று பெயர் வைத்தார்கள். நிலம் எழுப்பிய ஓசையையே பெயராக்கிக்கொண்டார்கள். தாய்மார்கள் பிள்ளைகளிடம் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

எத்தனை பேர் இறந்தார்கள்? ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வோர் எண் இருக்கிறதே?

ஹைத்தி அரசு முதலில் 2,20,000 என்றும் பின்னர் 3,16,000 என்றும் அறிவித்தது. வீடுவீடாகக் கணக்கெடுத்த ஆய்வாளர்கள் சிலர் அதைவிடக் குறைவாக, ஒன்றரை லட்சம் வாக்கில் மதிப்பிட்டார்கள். பிறப்பும் இறப்பும் முறையாகப் பதிவாகாத நாடு. உடல்களை அடையாளம் காண அவகாசமின்றி லாரிகளில் ஏற்றி நகருக்கு வெளியே பெருங்குழிகளில் புதைத்தார்கள். எண்கள் வேறுபடுவதற்கு அதுவே காரணம். எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும், ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் வாழும் நாட்டில் அது தாங்கக்கூடிய இழப்பன்று.

7.0 என்பது அவ்வளவு பெரிய அளவா? ஏன் இத்தனை உயிர்கள் போயின?

எல்லாவற்றுக்கும் அடிப்படையான கேள்வி இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அதே ஆண்டு பிப்ரவரி 27 அன்று சிலி நாட்டில் 8.8 அளவில் நிலம் அதிர்ந்தது. வெளிப்பட்ட ஆற்றலைக் கணக்கிட்டால் ஹைத்தியைப் போல ஏறத்தாழ 500 மடங்கு. அங்கே இறந்தவர்கள் சுமார் 525 பேர், சுனாமியில் மாண்டவர்களையும் சேர்த்து. அதிர்வு மையம் நகருக்கு எவ்வளவு அருகில் இருந்தது என்பதும் ஒரு காரணம்தான். ஆனால் பெரிய காரணம் கட்டடம். 1960ஆம் ஆண்டு உலகம் அளந்தவற்றிலேயே மிகப் பெரிய நிலநடுக்கத்தைக் கண்ட சிலி, கட்டட விதிகளை எழுதி, அவற்றை நடைமுறைப்படுத்தவும் செய்தது. ஹைத்தியில் நடைமுறைப்படுத்தப்பட்ட கட்டட விதி என்று ஒன்று இருக்கவில்லை.

ஹைத்தி மக்கள் அறியாமையால் அப்படிக் கட்டினார்கள் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. போர்ட்-ஓ-பிரான்ஸ் நகரம் 1751இலும் 1770இலும் நிலநடுக்கத்தால் அழிந்திருக்கிறது. அதன்பின் 240 ஆண்டுகள் அங்கே பெரிய அதிர்வு இல்லை. பாட்டனின் பாட்டனுக்கும் நினைவில்லாத ஆபத்து அது. அவர்கள் ஆண்டுதோறும் கண்டது புயல். 2008இல் மட்டும் ஒரே பருவத்தில் நான்கு புயல்கள் அந்நாட்டைத் தாக்கின. தகரக் கூரை பறந்துபோவதைப் பார்த்தவர், கையில் காசு சேர்ந்ததும் காற்று அசைக்க முடியாத கான்கிரீட் தளம் போட்டுக்கொள்ளத்தான் நினைப்பார். அந்தத் தளம் கனமானது. அதைத் தாங்கிய தூண்கள் மெலிந்தவை. சுவர்கள் சிமெண்டைக் குறைத்து, முற்றத்திலேயே வார்த்த ஹாலோ பிளாக்குகள். கம்பிகளோ பல இடங்களில் முறுக்கில்லாத வழவழப்பான கம்பிகள். புயலுக்காகப் போட்ட தளமே நிலம் பக்கவாட்டில் ஆடியபோது குடும்பத்தின் மேல் இறங்கியது. மாறாக, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மரச்சட்டம் கொண்டு கட்டப்பட்ட பழைய வீடுகள் பெருமளவு ஆடித் தாங்கி நின்றன.

அரசின் மேற்பார்வை எந்த நிலையில் இருந்தது என்பதற்கு முன்னறிவிப்பும் கிடைத்திருந்தது. 2008 நவம்பரில், நிலநடுக்கம் எதுவுமே இல்லாத ஒரு நாளில், பெத்தியோன்வில் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடம் தானாகவே இடிந்து 90க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மாணவர்கள்.

என் மாணவி ஒருத்தியின் தந்தை கம்பி கட்டும் தொழிலாளி. பாலக்கோட்டுக்கு அருகில் ஒரு வீட்டு வேலையில் இருந்தபோது, நான் வகுப்பில் சொன்னதை மகள் வந்து சொல்ல, என்னை அழைத்துக் காட்டினார். தூண் கம்பிகளைச் சுற்றிப் போடும் ரிங்கின் இரு முனைகளும் சதுரமாக, அதாவது 90 பாகையில் மடிக்கப்பட்டிருந்தன. கட்டடம் ஆடும்போது தூண் கம்பிகளை மூடிய மேல்கான்கிரீட் உதிர்ந்ததும் அந்த மடிப்பு வாய் திறந்துகொள்ளும், நெடுக்குக் கம்பிகள் பக்கவாட்டில் பிதுங்கும், தூண் நசுங்கும். முனைகளை இன்னும் உள்நோக்கி, 135 பாகைக்கு மடித்துத் தூணின் நடுக்கான்கிரீட்டுக்குள் செருகிவிட்டால் அது பிடியை விடாது. அவர் கையிலிருந்த, கம்பி வளைக்கும் சாவியால் ஒரு ரிங்கை அங்கேயே வளைத்துக் காட்டினார். கூடுதலாக ஆனது ஓரிரு அங்குலக் கம்பியும் அரை நிமிடமும்தான். "இதுக்காகவா சார் இத்தனை பேரு?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன்.

அரசாங்கம் உடனே ஏன் செயல்படவில்லை?

செயல்பட வேண்டியவர்களும் இடிபாடுகளுக்குள் இருந்தார்கள். குடியரசுத் தலைவர் மாளிகை, நாடாளுமன்றம், பெரும்பாலான அமைச்சகக் கட்டடங்கள், தலைமைப் பேராலயம், முதன்மைச் சிறை ஆகிய அனைத்தும் இடிந்தன. மாலை ஐந்து மணிக்குச் சற்று முன் என்பதால் ஊழியர்கள் இன்னும் அலுவலகங்களில் இருந்தார்கள். பேராயர் ஜோசப் செர்ஜ் மியோ இறந்தார். ஐக்கிய நாடுகள் அவையின் அமைதிப் பணித் தலைமையகம் இயங்கிய தங்கும் விடுதிக் கட்டடமும் விழுந்து, பணித் தலைவர் ஹெதி அன்னாபி உள்ளிட்டோர் மாண்டார்கள். அந்த அவை அன்று நாடு முழுவதிலும் இழந்த பணியாளர்கள் 102 பேர். துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் கடலில் சரிந்தன. 1,300க்கும் மேற்பட்ட கல்வி நிலையங்களும் 50க்கும் மேற்பட்ட மருத்துவமனைகளும் மருத்துவ நிலையங்களும் இடிந்தன அல்லது பயன்படாமல் போயின.

நம் மாவட்டத்தில் ஒரு பேரிடர் நேர்ந்தால் ஆட்சியர் அலுவலகத்தில் கட்டுப்பாட்டு அறை திறப்பார்கள்; வட்டாட்சியர் வருவார்; கிராம நிர்வாக அலுவலர் பட்டியல் எடுப்பார். அந்த அலுவலகமே இல்லை, பட்டியல் எடுப்பவரும் இல்லை, பட்டியலுக்கு அடிப்படையான பதிவேடும் மண்ணுக்குள் என்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தால் அந்த நாட்களின் குழப்பம் விளங்கும்.

மக்களை முதலில் காப்பாற்றியவர்கள் யார்?

பக்கத்து வீட்டுக்காரர்கள். சுத்தியல், கடப்பாரை, கார் ஜாக்கி, வெறுங்கை ஆகியவற்றைக் கொண்டு அவர்கள் தோண்டினார்கள். உலகெங்கிலுமிருந்து மோப்ப நாய்களோடும் கருவிகளோடும் வந்த மீட்புக் குழுக்கள் அனைத்தும் சேர்ந்து உயிரோடு எடுத்தவர்கள் ஏறத்தாழ 130 பேர். அந்தக் குழுக்களைக் குறைத்துச் சொல்ல இதைக் கூறவில்லை. அவர்கள் வந்து சேர்வதற்குள் உயிர் காக்கும் நேரம் பெரும்பாலும் கடந்துவிடுகிறது. தொலைக்காட்சியில் நாம் பார்த்தது அந்த 130 பேரை. அண்டை அயலார் எடுத்த ஆயிரக்கணக்கானவர்களைப் படம் பிடிக்க அங்கே யாருமில்லை.

ஹைத்தி ஏன் அவ்வளவு ஏழை நாடாக இருந்தது?

இந்தக் கேள்வியைச் சிலர் "அது சபிக்கப்பட்ட நாடாமே" என்று கேட்கிறார்கள். அந்தச் சொல் எனக்கு வருத்தம் தருகிறது. சாபம் என்று சொல்லிவிட்டால் கணக்குக் கேட்க ஆளில்லாமல் போய்விடும். ஆனால் கணக்கு இருக்கிறது.

ஹைத்தி ஒரு காலத்தில் பிரான்சின் மிகச் செழிப்பான குடியேற்ற நாடு. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரையும் காப்பியும் ஐரோப்பாவுக்குப் போயின. 1791இல் அந்த அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். நெப்போலியனின் படையையும் தோற்கடித்து 1804 ஜனவரி 1 அன்று விடுதலை அறிவித்தார்கள். அடிமைகளே போராடி வென்று ஒரு நாட்டை நிறுவியது உலக வரலாற்றில் அந்த ஒரு முறைதான்.

அதற்கு அவர்கள் கொடுத்த விலையைப் பாருங்கள். 1825இல் பிரான்சின் மன்னர் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, இழந்த "சொத்து"க்கு ஈடாக 15 கோடி பிராங்கு கேட்டார். அந்தச் சொத்தில் மனிதர்களும் அடக்கம். தங்கள் உடலுக்கு, தங்கள் பிள்ளைகளின் உடலுக்கு, பழைய எசமானர்களிடமே பணம் கட்டச் சொன்னார்கள். 1838இல் அந்தத் தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. முதல் தவணையைக் கட்டவே பிரெஞ்சு வங்கியிடம் கடன் வாங்க வேண்டியிருந்தது. தண்டமும் அவர்களுக்கு, வட்டியும் அவர்களுக்கு. இதன் தொடர்ச்சியான கடன்கள் முழுவதும் அடைந்தது 1947இல், அதாவது ஏறத்தாழ நம் நாடு விடுதலை பெற்ற வேளையில். கந்துவட்டிக்கு வாங்கிய ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்தவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். ஒரு நாடு முழுவதும் 122 ஆண்டுகள் அப்படி இருந்தது. பள்ளிக்கூடம், சாலை, மருத்துவமனை, கட்டடம் பார்வையிடும் பொறியாளர் ஆகிய எல்லாவற்றுக்கும் ஆக வேண்டிய பணம் கப்பலேறியது.

1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை அந்நாட்டை ஆண்டது. 1957 முதல் 1986 வரை துவாலியே குடும்பத்தின் கொடுங்கோலாட்சி. உள்நாட்டு ஆட்சியாளர்களின் குற்றத்தை நான் மறைக்கவில்லை; அவர்களும் சுரண்டினார்கள். ஆனால் அவர்களிலிருந்து மட்டுமே கதையைத் தொடங்குவது நேர்மையன்று. 2025இல், பத்தாம் சார்லஸ் பணம் கேட்டு விடுத்த ஆணையின் 200ஆம் ஆண்டில், பிரான்சின் குடியரசுத் தலைவர் மக்ரோன் இந்த வரலாற்றை ஆராய இரு நாட்டு ஆய்வாளர்கள் கொண்ட குழுவை அறிவித்தார்.

விவசாய நாடாக இருந்தும் உணவுக்கு ஏன் கையேந்த நேர்ந்தது?

1990களில் வெளிநாடுகளின் நெருக்குதலால் ஹைத்தி அரிசியின் இறக்குமதி வரியை 3 சதவீதமாகக் குறைத்தது. அமெரிக்க அரசின் மானியத்தில் விளைந்த அரிசி மலிவாக வந்து இறங்கியது. ஆர்திபொனீத் ஆற்றுச் சமவெளியின் நெல் விவசாயிகள் போட்டியிட முடியாமல் நிலத்தை விட்டுத் தலைநகருக்கு வந்து, சரிவுகளில் நெருக்கமாக வீடு கட்டிக்கொண்டார்கள். 2010இல் இடிந்தவற்றுள் அந்த வீடுகள் பல. வரியைக் குறைக்க வைத்த காலத்தில் அமெரிக்காவின் குடியரசுத் தலைவராக இருந்த பில் கிளிண்டன், நிலநடுக்கத்துக்கு இரண்டு மாதம் கழித்து அமெரிக்க செனட் குழுவின் முன் அந்தக் கொள்கை தவறு என்று ஒப்புக்கொண்டார்.

நம் மாவட்டம் கேழ்வரகு பூமி. அரிசி எளிதாகக் கிடைக்கத் தொடங்கியதும் களி தின்ற வீடுகளில் களி குறைந்தது, பயிர் செய்யும் பரப்பும் சுருங்கியது. ஆனால் இங்கே 2023இல் அரசு நீலகிரியிலும் தருமபுரியிலும் நியாயவிலைக் கடைகளில் கேழ்வரகு வழங்கத் தொடங்கியது; அதை நம் விவசாயிகளிடமே விலை வைத்துக் கொள்முதல் செய்தது. தன் விவசாயி விளைவித்ததைத் தானே வாங்கித் தன் மக்களுக்குக் கொடுக்கும் உரிமையும் வலுவும் ஓர் அரசுக்கு இருப்பது சிறிய செய்தியன்று. ஹைத்தி அரசுக்கு அது இல்லாமல் ஆக்கப்பட்டது.

உலகமே பணம் கொடுத்ததே, அது எங்கே போயிற்று?

நானும் கேட்ட கேள்வி இது. 2010 பொங்கல் விடுமுறை முடிந்ததும் எங்கள் பள்ளியில் உண்டியல் வைத்தோம். கரும்பு விற்ற காசிலிருந்து பத்து ரூபாய் கொண்டுவந்து போட்ட ஒரு பையனின் முகம் இன்றும் நினைவில் இருக்கிறது. சேர்ந்ததை ஒரு தொண்டு அமைப்புக்கு அனுப்பினோம். ரசீது வந்தது, அதன்பின் எத்தனை கடிதம் எழுதியும் அந்தப் பணம் என்ன ஆயிற்று என்ற விவரம் வரவில்லை.

பெரிய அளவில் நடந்தது இது. நிலநடுக்கத்தின் சேதம் 780 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டது. அது அந்நாட்டின் ஓர் ஆண்டு மொத்த உற்பத்தியை விட அதிகம். 2010 மார்ச் 31 அன்று நியூயார்க்கில் கூடிய நாடுகள் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் 500 கோடி டாலருக்கு மேல் தருவதாக வாக்களித்தன. வாக்களித்ததில் ஒரு பகுதி வரவே இல்லை. வந்ததில் பெரும்பகுதி ஹைத்தியின் கையில் நிற்கவில்லை. ஐக்கிய நாடுகள் அவையின் சிறப்புத் தூதர் அலுவலகம் வெளியிட்ட கணக்குப்படி, அவசர நிவாரணத்துக்கு என்று ஒதுக்கப்பட்ட சுமார் 243 கோடி டாலரில் 34 சதவீதம் கொடுத்த நாடுகளின் சொந்தத் துறைகளுக்கும் படைகளுக்குமே திரும்பிச் சென்றது. எஞ்சியதில் பெரும்பகுதி ஐக்கிய நாடுகள் அமைப்புகளுக்கும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் போயிற்று. ஹைத்தி அரசுக்குக் கிடைத்தது 1 சதவீதம்.

அந்த அரசு ஊழல் நிறைந்தது, அதனால் கொடுக்கவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. ஊழல் இருந்தது உண்மை. ஆனால் அரசைத் தாண்டிக்கொண்டே போனால் அரசு எப்போது நிமிரும்? பயிற்சி பெற்ற ஹைத்தி செவிலியரும் பொறியாளரும் கூடுதல் சம்பளத்துக்காக வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் போனார்கள். அரசு மருத்துவமனை இன்னும் காலியானது. நிறுவனம் மூட்டை கட்டியதும் அந்த வேலையும் போயிற்று.

நம் அனுபவம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் இருந்த புளோரைடால் பல்லில் கறையும் எலும்பில் வளைவும் வந்தவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஜப்பான் கடன் கொடுத்தது. அந்தப் பணம் நம் குடிநீர் வடிகால் வாரியத்தின் வழியாக வந்தது. குழாய் பதித்ததும் 2013 முதல் நீர் தந்து பராமரிப்பதும் அந்த வாரியமே. இன்று ஏதேனும் ஓர் ஊரில் தண்ணீர் வராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்று நமக்குத் தெரியும். சாலை மறியல் செய்தாவது கேட்கிறோம். ஹைத்தியில் தண்ணீர் லாரி நின்றபோது மக்கள் யாரிடம் கேட்பார்கள்? அந்த நிறுவனம் வேறு நாட்டில் இருந்தது. அதற்கு அவர்கள் வாக்களிக்கவில்லை.

காலரா எப்படி வந்தது?

நூறாண்டுகளாக ஹைத்தியில் காலரா பதிவானதில்லை. 2010 அக்டோபரில், நிலநடுக்கத்துக்கு ஒன்பது மாதம் கழித்து, அது தொடங்கியது. மிரபாலே என்ற ஊரின் அருகில் ஐக்கிய நாடுகள் அமைதிப் படையின் முகாம் ஒன்றில் நேபாள வீரர்கள் தங்கியிருந்தார்கள். நேபாளத்தில் அப்போது காலரா இருந்தது. முகாமின் கழிவு ஒரு சிற்றோடையில் கலந்தது. ஓடை ஆர்திபொனீத் ஆற்றில் சேர்ந்தது. ஆறோ பல லட்சம் பேருக்குக் குடிநீர், குளியல், பாசனம் எல்லாம். பிரெஞ்சு மருத்துவ ஆய்வாளர் ரெனோ பியாரு நோய் பரவிய பாதையை ஆராய்ந்து மூலத்தைச் சுட்டிக்காட்டினார். பின்னர் மரபணு ஆய்வுகளும் அதை உறுதிப்படுத்தின. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்று, ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள்.

ஐக்கிய நாடுகள் அவை ஆண்டுக்கணக்கில் பொறுப்பேற்க மறுத்தது. 2016 டிசம்பரில்தான் பொதுச்செயலாளர் பான் கி மூன் ஹைத்தி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். 40 கோடி டாலர் திட்டமும் அறிவிக்கப்பட்டது. அதில் சிறு பகுதியே திரண்டது. உதவிக்கு வந்தவர்களின் கழிவு நீரைச் சரியாக மூடியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள் இவை. வகுப்பில் இந்த இடத்தைச் சொல்லும்போது இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்குக் குரல் கம்முகிறது.

வீடிழந்தவர்கள் என்ன ஆனார்கள்?

உச்ச காலத்தில் சுமார் 15 லட்சம் பேர் ஏறத்தாழ 1,500 முகாம்களில், தார்ப்பாய்களின் கீழ் இருந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் முற்றிலும் அழிந்தன. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவை சேதமடைந்தன. புதிய வீடு கட்டப் பணத்தை விடவும் பெரிய தடையாக இருந்தது நிலம். யாருடைய நிலம் என்பதற்கு ஒழுங்கான பதிவு இல்லை. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று என்று நாம் அலைவதை நொந்துகொள்கிறோம். அந்தக் காகிதங்களே இல்லாத ஊரில் ஒரே மனைக்கு மூன்று பேர் உரிமை கோருவார்கள். வாடகைக்கு இருந்தவர்களுக்கோ உரிமை கோர ஒன்றுமே இல்லை.

தலைநகருக்கு வடக்கே வறண்ட வெளியில் மக்கள் தாங்களாகவே போய்க் குடியேறி, அதற்கு விவிலியத்தில் வரும் வாக்களிக்கப்பட்ட நாட்டின் பெயரான கானான் என்பதைச் சூட்டினார்கள். அரசு வீடு கட்டித் தரவில்லை. கல் கல்லாகச் சேர்த்து அவர்களே கட்டினார்கள். சில ஆண்டுகளில் அது இரண்டு லட்சம் பேர் வாழும் ஊரானது. அந்த உழைப்போடு ஒரு பொறியாளரின் மேற்பார்வையும் சேர்ந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்துக்குப் பின் நம் நாட்டில் பெரும்பாலும் அந்த முறையே பின்பற்றப்பட்டது. வீட்டுக்காரரிடமே தவணை தவணையாகப் பணம் கொடுத்து, அடுத்த தவணைக்கு முன் கட்டுமானத்தைச் சோதித்தார்கள்.

இப்போது நிலைமை எப்படி இருக்கிறது?

கடினமாகவே இருக்கிறது. 2021 ஜூலை 7 அன்று குடியரசுத் தலைவர் ஜொவனெல் மொயிஸ் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். அடுத்த மாதம் 14ஆம் தேதி தென்மேற்கில் 7.2 அளவில் மீண்டும் நிலம் அதிர்ந்து 2,200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தலைநகரிலிருந்து அங்கே போகும் சாலை ஆயுதக் கும்பல்களின் பிடியில் இருந்ததால் நிவாரண வண்டிகள் தவித்தன. 2025இன் தொடக்கத்தில் வன்முறைக்கு அஞ்சி வீட்டை விட்டு வெளியேறியவர்கள் 10 லட்சத்தைத் தாண்டினார்கள்.

நம் மாவட்டத்தில் நிலநடுக்கம் வருமா?

ஹைத்தியைப் போலத் தட்டுகளின் விளிம்பில் நாம் இல்லை. பழைமையான, உறுதியான பாறையின் மேல் இருக்கிறோம். ஆனால் ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 அளவில் நிலம் அதிர்ந்திருக்கிறது. 2002ஆம் ஆண்டின் நிலநடுக்க மண்டல வரைபடம் தமிழ்நாட்டை ஆபத்து குறைந்த 2, மிதமான 3 ஆகிய மண்டலங்களில் வைத்தது. மாடி மேல் மாடி எழும் ஓசூரையும் கீழ்த்தளத்தைச் சுவரின்றி வண்டி நிறுத்த விட்டுவிடும் புதிய கட்டடங்களையும் பார்க்கும்போது எனக்குக் கவலை உண்டாகிறது.

வீடு கட்டுபவர்கள் மேஸ்திரியிடம் இவற்றைக் கேட்டுப் பெறலாம். ரிங் முனைகளை 135 பாகையில், மூன்று அங்குலம் உள்ளே போகுமாறு மடிக்க வேண்டும். தூணும் உத்திரமும் சேரும் இடங்களுக்கு அருகில் ரிங்குகளை நான்கு அங்குலத்துக்கு மிகாமல் நெருக்கிக் கட்ட வேண்டும். தூணின்றிச் சுவரே தாங்கும் வீடு என்றால், ஜன்னலுக்கு மேல் மட்டும் லிண்டல் போட்டு நிறுத்தாமல், எல்லாச் சுவர்களையும் சுற்றி ஒரே தொடராக பெல்ட் கான்கிரீட் ஓட வேண்டும்.

சார், அங்கேயும் மாம்பழம் உண்டா?

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தவறாமல் கேட்பது இது. உண்டு. பிரான்சிக் என்றொரு வகை, சற்று வளைந்து நீண்ட, நார் உள்ள, மிக இனிப்பான பழம், அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகிறது. கிருஷ்ணகிரியில் போலத் தோப்புத் தோப்பாகப் பெங்களூராவும் கூழ் ஆலையும் அங்கே இல்லை. வீட்டு முற்றத்தில் இரண்டு மரம், வரப்பில் ஒரு மரம் என்று இருக்கும். வியாபாரி கழுதையோடு வந்து விலை பேசி வாங்கிப் போவார்.

2010இல் தலைநகரிலிருந்து ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தக் கிராமங்களுக்குத்தான் திரும்பிப் போனார்கள். அக்காள் வீடு, மாமன் வீடு என்று போய் இறங்கினார்கள். ஏற்கெனவே அரை வயிறாக இருந்த வீடுகள் அவர்களைச் சேர்த்துக்கொண்டு, விதைக்கு வைத்திருந்ததையும் சமைத்துப் போட்டன. பள்ளிக் கட்டணமோ மருத்துவச் செலவோ வந்து வேறு வழி இல்லாதபோது, காய்க்கும் மாமரத்தையே வெட்டிக் கரியாக்கி நகரத்துக்கு விற்பதும் அங்கே நடக்கிறது. ஒரு மரம் போனால் ஒரு சில வாரச் செலவு நடக்கும். புதிய கன்று காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும்.